யாரைக் கேட்டார்கள்?

நோர்வூட்டில் மஸ்கெலியா வீதியும் பொகவந்தலாவை வீதியும் பிரியும் இடத்துக்கு அருகே ஒரு தேத்தண்ணிக் கடை. பஸ்ஸுக்காக அங்கே அரை மணி நேரம் காத்திருந்தால் நாட்டு அரசியல் முழுவதும் காதில் விழுந்துவிடும். அண்மையில் ஒரு காலை நாமும் அவ்வாறு காத்திருந்தோம். பெரியவர் ஒருவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கட்சி, எலக்சன், கூட்டம் எல்லாம் போதும்ங்க. கண்டிப்பான ஒரு ஆளு வந்து உக்காரணும். சொன்னா சொன்னதுதான். அப்பதான் நாடு உருப்படும்."

பக்கத்திலிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். மூலையில் இருந்த இளைஞர் ஒருவர் மட்டும், "பழைய காலத்துத் தொரை மாதிரியா அண்ணே?" என்று கேட்டார். கடை முழுவதும் சிரிப்பு. பெரியவரும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்போடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் பெரியவர் சொன்னதை அலட்சியமாக விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. இந்த ஏட்டை வாசிக்கும் குடும்பங்களில் பல, ஒரு தடவைக்கு மேல் இடம் பெயர்ந்தவை. நீர்த்தேக்கத்துக்காக நிலத்தை விட்டவர்கள், மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு இறங்கியவர்கள், இனக்கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிப் பயிர் செய்து, பின்னர் யுத்தத்தில் அந்த நிலத்தையும் விட்டவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் வந்து போகிறது, நமக்கு என்ன கிடைத்தது என்று இவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எனவே ஜனநாயகம், சர்வாதிகாரம் என்ற இரண்டு சொற்களையும் மேடையிலிருந்து இறக்கி, நமது சொந்த அனுபவத்தில் வைத்துப் பார்ப்போம்.

பிரட்டுக் களத்து ஆட்சி

சர்வாதிகாரம் என்றால் என்னவென்று மலையக மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் தப்புச் சத்தம். பிரட்டுக் களத்தில் வரிசை. மேலே துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி. துரை சொன்னதே சட்டம், துரை விதித்ததே தண்டனை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறையில் போடலாம். தொழிலாளியின் கடன் முழுவதையும் எழுதிய 'துண்டு' இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை, ஒரு மனிதனை அவனுடைய கடனோடு சேர்த்துக் கைமாற்ற அந்தக் கடதாசி போதுமாயிருந்தது. வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கத்தை மலையகத்துக்குக் கொண்டு வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார் என்ற கதையை நமது பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அந்த ஆட்சியில் வேலை வேகமாக நடந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காடு அழிந்து மலை முழுவதும் பச்சையாயிற்று. மலைச் சரிவுகளில் ரயில் ஏறியது. கண்டிப்பான ஆள் ஒருவர் இருந்தால் வேலை நடக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் யாருக்காக நடந்தது? தேயிலை லண்டனுக்குப் போனது. கொழுந்து பறித்தவளுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராதான் மிஞ்சியது. அந்தக் காம்பிராவின் கூரை ஒழுகினால் துரையிடம் முறையிடலாம். துரையே ஒழுக விட்டால் யாரிடம் முறையிடுவது?

வாக்கு வந்ததும் போனதும்

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவில் இதுவே முதல் தடவை. தோட்ட மக்களுக்கு மட்டும் நிரந்தர வாசம், சான்றிதழ் என்று தனி நிபந்தனைகள் இருந்தன. இருந்தும் அட்டன் தொகுதி அந்த ஆண்டு பெரி. சுந்தரத்தைச் சட்ட சபைக்கு அனுப்பியது. அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியிலிருந்து நடேசய்யர் போனார். வேடம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தவர், தோட்ட மக்களின் வாக்கால் சபைக்குள் நேர் வழியாக நுழைந்தார்! துரைமார் அரசியல்வாதிகளுக்கு வாசல் திறக்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அந்த ஏழு பேரில் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குப் பலமாக அமைந்தன.

அடுத்து நடந்ததை நாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடு சுதந்திரம் பெற்றது 1948 பெப்ரவரி 4ஆம் திகதி. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைத்திருந்த பாட்டன் எத்தனை பேர்? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள் 1946க்கு முன்னர் இடைவிடாது வாழ்ந்ததாகக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்றது அது. அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது: பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை. ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் இந்த மூன்று சட்டங்களால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 வரை விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

இதைச் செய்தது சர்வாதிகாரி அல்ல, மக்கள் தெரிவு செய்த பாராளுமன்றம். விவாதம் நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. கோடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1953இல் அங்கேயும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு.

ஜனநாயகத்தைப் பற்றிப் பேசும் எவரும் நமது மக்கள் முன் இதை மறைத்துப் பேச முடியாது. எண்ணிக்கையில் கூடியவர்கள் கை உயர்த்துவது மட்டுமே ஜனநாயகம் என்றால், அந்தக் கைகள் எண்ணிக்கையில் குறைந்தவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம். பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டவருக்கு அது பிரட்டுக் களத்து ஆட்சிதான்.

அப்படியானால் இரண்டும் ஒன்றா?

இல்லை என்றே நாம் சொல்வோம். 1964ஆம் ஆண்டில் வங்கக் கடலின் இரு புறமும் நடந்ததைப் பாருங்கள்.

அக்கரையில் பர்மா. 1962 மார்ச் மாதம் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின, பெரிய நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமற் போயின. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர், தமிழர் உட்பட, உழைத்துச் சேர்த்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் இன்றும் 'பர்மா பஜார்' என்று ஒரு கடைத்தெரு இருப்பது அவர்களால்தான். எதிர்த்துப் பேசப் பாராளுமன்றம் இல்லை, செய்தி போடச் சுதந்திரப் பத்திரிகை இல்லை, வழக்குப் போட வழியில்லை.

இக்கரையில் அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு பிரதமர்கள் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். மூட்டை எண்ணுவது போல! பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் கண்ணீர் பர்மாவில் கப்பலேறியவர்களின் கண்ணீரைவிட எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இங்கே தொழிற்சங்கம் இருந்தது. வாக்கு இல்லாதவரும் சந்தா கட்டலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், கூட்டம் போடலாம். 1952இல் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள், அது தோற்றது. 1977 மே மாதத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில், தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு ஜூலையில் நுவரெலியா – மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம். உற்பத்தி நின்றது. அந்த ஆண்டே நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1988இல் அது இலகுவாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் இருந்ததும், மலையக வாக்கு எல்லோருக்கும் தேவைப்பட்டதும் தற்செயல் அல்ல என்பது நமது கருத்து. விடுபட்டவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 55 ஆண்டுகள் எடுத்தன. வெட்கப்பட வேண்டிய தாமதம்தான். ஆயினும், வெட்டிய அதே பாராளுமன்றம் வெட்டியதைத் திருத்தியது. பர்மாவிலோ 1982இல் படைத்தலைவர்களின் ஆட்சி பிரஜைகளை மூன்று தரமாகப் பிரித்துச் சட்டம் போட்டது. ரோஹிங்யா மக்கள் இன்றும் நாடற்றவர்களாக அகதி முகாம்களில் இருக்கிறார்கள்.

பசி தெரிந்த பாடம்

நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் ஒரு விடயத்தை நீண்ட காலமாக எடுத்துக் கூறி வந்திருக்கிறார். தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் ஒழுங்காக இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பார். வெள்ளைக்காரர் ஆண்ட வங்காளத்தில் 1943இல் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள். 1958க்கும் 1961க்கும் இடையில் சீனாவில் இறந்தவர்கள் 3 கோடி வரை இருக்கலாம் என்று பல ஆய்வாளர் கணக்கிடுகிறார்கள். அங்கே விளைச்சல் பெருகிவிட்டதாகக் கீழதிகாரி மேலதிகாரிக்குப் பொய்க் கணக்கு அனுப்பினார். அந்தக் கணக்கை நம்பித் தானியத்தைக் கிராமத்திலிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள். இல்லை என்று சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை. சுதந்திர இந்தியாவில் வறட்சி பல தடவை வந்தது. குறை ஊட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த அளவில் சாவு வந்ததில்லை. அடுத்த தேர்தலில் மக்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே!

சென் சொல்வதை வாசிக்கும்போது நமக்கு 1974 ஞாபகம் வருகிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது, மரவள்ளி நட்டார்கள். லயத்து வாசலில் எதை நடுவது? வேலை நாட்களும் குறைந்தன. தோட்டங்களிலிருந்து பிள்ளைகளோடு இறங்கி வந்து அட்டனிலும் கண்டியிலும் கை நீட்டியவர்களை அந்நாளில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தோட்டப் பகுதிகளில் மரண வீதம் நாட்டின் ஏனைய இடங்களைவிட மிகக் கூடுதலாக உயர்ந்ததை அரசாங்கப் புள்ளிவிபரங்களே காட்டின.

ஜனநாயக நாட்டில் இது எப்படி நடந்தது? நமக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அந்த மக்களில் பெரும்பாலோருக்கு அப்போது வாக்கு இருக்கவில்லை. அவர்கள் பசித்திருந்ததால் எந்த உறுப்பினரின் ஆசனமும் ஆடவில்லை. சென் சொன்னது பொய்யாகவில்லை. வாக்கில்லாத மூலையில் அது செல்லுபடியாகவில்லை.

தண்ணீருக்குள் போன ஊர்

நிலம் இழந்த வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு கணக்கைப் பார்ப்போம். நோர்வூட்டிலிருந்து டிக்கோயா பக்கம் போனால் காசல்ரீ நீர்த்தேக்கம். மறுபக்கம் மஸ்கெலியாவுக்குப் போனால் மவுசாகலை. இரண்டும் 1960களில் நிரம்பியவை. மவுசாகலைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே போய்விட்டது. வறட்சியில் நீர் இறங்கும்போது கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றோடு மேலெழும், மக்கள் பஸ் பிடித்துப் பார்க்கப் போவார்கள். அங்கிருந்து எழுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலோர் அன்று நாடற்றவர்கள். மின்சாரம் கொழும்புக்குப் போன பின்னரும் பல லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்குதான் எரிந்தது.

சில பத்தாண்டுகள் கழித்துத் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம். அதற்குள் வாக்கு திரும்பியிருந்தது. மலையகக் கட்சிகள் எதிர்த்தன, சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன. மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. மேன்முறையீடு, வழக்கு என்று இழுபட்டு 1998இல்தான் அனுமதி கிடைத்தது. பிறகும் எதிர்ப்பு நின்றபாடில்லை. இறுதியில் திட்டம் நிறைவேறியது. 2012இல் மின்சாரம் வந்தது. எழுந்த குடும்பங்களுக்கு லயம் அல்ல, தனி வீடுகள் கிடைத்தன. சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் நீர் விடவும் ஏற்பாடாயிற்று. குறைகள் உண்டு. பயிர் செய்த துண்டு நிலங்களுக்கு ஈடான நிலம் எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1960களில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

உலக அளவிலும் இதே வேறுபாடுதான். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக 12 இலட்சத்துக்கும் அதிகமானோர் எழுப்பப்பட்டார்கள். அதை விமர்சித்து நூல் வெளியிட்ட பத்திரிகையாளர் டாய் சிங் 1989இல் சிறைக்குப் போனார், நூலும் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள் ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் போனார்கள். உலக வங்கி நியமித்த சுயாதீனக் குழுவே 1992இல் திட்டத்தைக் குறை கூறியது; அடுத்த ஆண்டு வங்கிக் கடன் நின்றது. அணை நிற்கவில்லை, கட்டி முடிக்கப்பட்டது. எனவே ஜனநாயகத்தில் அணை வராது என்று யாருக்கும் நாம் ஆசை காட்ட மாட்டோம். அங்கே எழுந்தவர்கள் நிலத்துக்கு நிலம் என்று கேட்டு வழக்காட முடிந்தது, சிலருக்குக் கிடைத்தது, பலருக்கு இழுபட்டது. யாங்சி நதிக்கரையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஒரே வர்த்தமானியில் நின்ற பசளை

"சொன்னா சொன்னதுதான்" என்ற ஆட்சியை நமது விவசாயிகள் மிக அண்மையில் ருசித்தார்கள். 2019இல் கண்டிப்பான ஒருவர் வேண்டும் என்று நாட்டில் 69 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. சேதனப் பசளைக்கு மாற 10 ஆண்டுகள் என்றுதான் தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது. 2021 மே 6ஆம் திகதி ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை, பூச்சிமருந்து இறக்குமதி நிறுத்தப்பட்டது. விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள், தேயிலை ஆராய்ச்சி தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். கேட்கப்படவில்லை.

மண்ணைத் தெரிந்தவன் எவனும் இப்படிச் செய்ய மாட்டான். சேதனப் பசளையில் நமக்கு வெறுப்பில்லை. இந்த ஏடுகளில் கூட்டெருவைப் பற்றி எழுதாத ஆண்டில்லை. ஆனால் ஒரு போகத்துக்குள் ஒரு நாட்டுக்கு வேண்டிய எருவை எங்கிருந்து எடுப்பது? நுவரெலியாப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் போட்டவர்கள் பாதி விளைச்சலோடு நின்றார்கள். அடுத்த பெரும்போகத்தில் நெல் மூன்றில் ஒரு பங்கு அளவு விழுந்தது. தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 29 கோடியே 90 இலட்சம் கிலோ. 2022இல் 25 கோடி கிலோ சொச்சம். கொழுந்து குறைந்தால் மேலதிகக் கிலோக் காசு குறையும் என்பது கணக்குப் படிக்காத வீட்டிலும் தெரிந்த கணக்கு.

ஆனால் அந்த உத்தரவு ஏழு மாதங்கூட நிற்கவில்லை. விவசாயிகள் வரம்பில் கொடி ஏற்றினார்கள், வீதியில் இறங்கினார்கள், பத்திரிகைகள் எழுதின, ஆளும் கட்சி உறுப்பினர்களே தொகுதிக்குப் போக அஞ்சினார்கள். ஒக்டோபரில் தேயிலைக்குத் தளர்வு. நவம்பரில் தடையே விலகியது. 2022 ஜூலையில் அந்த ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்ப் பதவி விலகினார். சீனத்தில் அன்று தானியம் அள்ளிய தவறு மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். கண்டிப்பான ஆளும் தவறு செய்வார். அதை அவரிடம் சொல்ல வழி இருக்கிறதா என்பதில்தான் இரண்டு ஆட்சிகளும் பிரிகின்றன.

"சிங்கப்பூரைப் பாருங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். பார்க்கிறோம். திறமையான கண்டிப்பாளர் அங்கே வாய்த்தார். பர்மாவுக்கும் கண்டிப்பாளர் வாய்த்தார். எந்தக் கண்டிப்பாளர் வரப்போகிறார் என்று முன்கூட்டியே பார்த்துத் தெரிவு செய்யும் வசதி சர்வாதிகாரத்தில் இல்லை.

வன்னியிலிருந்து மீண்ட குடும்பங்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. துப்பாக்கி வைத்திருந்தவர்களைக் கேள்வி கேட்க முடியாத ஆட்சியில், பிள்ளையைப் பதுங்கு குழியில் ஒளித்து வைத்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் போன்ற முகாம்களில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். கையில் அடையாள அட்டை இருந்தது, வாக்கும் இருந்தது, வெளியே போக மட்டும் டிசம்பர் வரை அனுமதி இல்லை. இரண்டு விதமான ஆட்சியையும் அடுத்தடுத்து அனுபவித்த அவர்களிடம் நாம் அதிகம் பேசத் தேவையில்லை.

சபையும் பட்டியலும்

மீண்டும் நோர்வூட்டுக்கு வருவோம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. நமது மக்கள் வாக்களித்துச் சபை அமைத்தார்கள். அந்தச் சபை அவர்களுடைய லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியவில்லை! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டு அம்பகமுவை பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து நோர்வூட்டுக்குத் தனிச் சபை வந்தது. எனினும் 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபோது, பணமில்லை என்று கூறித் தேர்தல் நடத்தப்படவில்லை. 2025 மே 6ஆம் திகதி வரை நாடெங்கும் சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் உடைந்த மதகைப் பற்றி யாரிடம் சொல்வது என்று அலைந்தவர்களை நாம் அறிவோம். அதிகாரி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் நல்லவராக இருந்தாலும் அவருக்கு மேலே இருப்பவரையே பார்க்க வேண்டும். உறுப்பினர் எவ்வளவு சோம்பேறியாக இருந்தாலும் ஒரு நாள் லயத்து வாசலுக்கு வந்தாக வேண்டும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பழைய விலாசத்தில் பெயர் வெட்டுப்பட்டிருக்கும், புதிய விலாசத்தில் ஏறியிருக்காது. யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, ஒரு படிவம் நிரப்பாமல் விட்டாலே போதும். கிராம சேவகர் ஆண்டுதோறும் வாக்காளர் பதிவுக்கு வரும்போது 18 வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரையும், மணமாகி வந்த மருமகளின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். தற்காலிக வீடுதானே, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று விட வேண்டாம். பட்டியலைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் போய்ப் பாருங்கள். விடுபட்டிருந்தால் உரிமை கோரிக்கை எழுதிக் கொடுக்கலாம்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் 80 வயதைத் தாண்டிய அப்பாயி ஒருவரை நாம் சந்தித்தோம். அவருடைய தகப்பனார் 1947இல் வாக்களித்தவர். பிறகு சாகும் வரை வாக்களிக்கவில்லை. அப்பாயி முதன்முதலில் வாக்களித்தபோது அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் பட்டியல் ஒட்டியதும் பேரனைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து, பெயரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறார். "இருக்கும்னு தெரியும்ல அப்பாயி, எதுக்கு இந்த மலை எறங்குறீங்க?" என்று பேரன் சலித்துக்கொள்வாராம்.

நாம் போன அன்று மண்சரிவு எச்சரிக்கையால் மேல் லயத்திலிருந்து எழுப்பப்பட்ட மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பாடசாலைக் கட்டிடத்தில் தங்கியிருந்தன. அப்பாயி நமக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டார். "அந்த ஸ்கூல்ல இருக்கிறவங்க பேரெல்லாம் எழுதிக்கிட்டாங்களான்னு போய்க் கேட்டுட்டு வாடா" என்றார். பையன் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.